ஏற்கிறேன், ஏற்பேன்

இறங்காதீர்கள். ஐயா, சொன்னால் கேளுங்கள், காலை உள்ளே எடுங்கள். அது தரை இல்லை. தரை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். போன வருடம் ஒரு கம்பளி வியாபாரி இப்படித்தான் இறங்கினார். இடுப்பு வரை போய்விட்டார். கயிறு போட்டு இழுத்தோம். ஆள் வந்தார், இரண்டு செருப்பும் வரவில்லை.

உட்காருங்கள். படகு தரைதட்டிவிட்டது. நீர் வற்றும் நேரத்தில் இந்தச் சேற்றுத் திட்டு நடு ஆற்றில் முதுகைக் காட்டும். என் தப்புதான், கொஞ்சம் தெற்கே தள்ளியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் தோள் கேட்பதில்லை. கடல் ஏறி வந்தால் படகு தானாக எழும்பும். அதுவரை நீங்களும் நானும்தான்.

பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அடியில் கசிகிறது. தோலா? எழுதுகிற தோல்தானே? மடாலயத்துக்குப் போகிறீர்கள். பார்த்ததும் நினைத்தேன். விரலில் மை இருக்கிறது, முகத்தில் பசி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத்தர்கள் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். மடத்துச் சமையலைச் சாப்பிட்டுத் திரும்பும்போது படகு தாழ்கிறது.

அதோ, கரையில் தனியாக நிற்பது என் வீடு. நீங்கள் அக்கரையில் மணி அடித்தபோது வாசலுக்கு ஒரு பெண் வந்தாளே, அவள் என் மனைவி. ஹாவிஸ். லண்டன் பக்கத்து மணி அடித்தால் போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வெளியே வருவாள். யார் என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போவாள். இருபது வருடமாக ஒரு மணியைக்கூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புருஷன் தொழிலில் இவ்வளவு அக்கறை உள்ளவள் இந்த எசெக்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

கூரையை மட்டும் பார்க்காதீர்கள். நானே வேய்ந்தது. வாசல் பக்கம் வருடா வருடம் வழுக்கை விழுகிறது. குருவிகள். ஊரில் நல்ல கூரைக்காரன் ஒருவன் இருந்தான். அவன் வேய்ந்தால் குருவிக்கு மூக்கு நுழையாது. அவன் போனபிறகு அந்தக் கை யாருக்கும் வரவில்லை.

தர்ஸ்டன் என்று பெயர். கலகத்தில் போனான்.

ஆமாம், அந்தக் கலகம்தான். உங்களுக்கு அப்போது என்ன வயது இருக்கும், பால் குடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் கட்டுக்குடிகள். மடத்து நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவர்கள். ஊரை விட்டுப் போக மடத்தைக் கேட்க வேண்டும், பெண்ணைக் கட்டிக்கொடுக்க மடத்தைக் கேட்க வேண்டும். யார் யார் கட்டுக்குடி, யார் யாருடைய பிள்ளை, எல்லாம் மடத்தில் தோல் சுருள்களில் எழுதி வைத்திருந்தார்கள். நீங்கள் செய்யப்போகிற வேலைதான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்கள் வேலை எழுதுவது, என் வேலை படகு.

தர்ஸ்டனுக்கு வாய் அதிகம். கூரைமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாம் சின்னதாகத் தெரியும் அல்லவா, மடமும் அப்படித்தான் தெரிந்திருக்கும். நானும் அவனும் சின்ன வயதிலிருந்து பழக்கம். வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாத விரத நாளில், நான் விலாங்கு பிடித்துக் கொண்டுபோய் ஹாவிஸ் வீட்டு வாசலில் வைப்பேன். எல்லா வீட்டுக்கும் கொடுப்பதுதான். எல்லா வீட்டுக்கும் என்றால், அவர்கள் வீட்டுக்கு. அவளுடைய அப்பாவுக்கு விலாங்கு பிடிக்கும். தர்ஸ்டன் கூரைமேலிருந்து கத்துவான். "என்னடா ஓஸ்பெர்ட், இந்த வாரமும் பாம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடுகிறாயா? உள்ளே போய் ஒரு வார்த்தை பேசேன். அவள் கடிக்கமாட்டாள், பாம்புதான் கடிக்கும்." ஊரே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அவன் கேலி செய்தால் எனக்குக் கோபம் வராது. வந்ததில்லை.

அந்த ஜூன் மாதம், திருவுடல் திருநாள் வாரம். கென்ட் சீமையில் ஜனங்கள் எழுந்துவிட்டார்கள், பக்கத்து ஊர்களில் எழுந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பட்டப்பகலில் ஊரே மடத்துக்குப் போயிற்று. அக்கரை ஆட்கள் சிலரை நான் படகில் கொண்டுவந்து விட்டேன். விட்டது மட்டும்தான். தர்ஸ்டன் எழுத்தறையின் கூரையைப் பிரித்து உள்ளே குதித்தான். அவனே இரண்டு வருடம் முன்னால் வேய்ந்த கூரை. "நான் போட்டதை நான் எடுக்கிறேன், யாருக்கு என்ன?" என்றான். பெட்டி பெட்டியாகச் சுருள்களை முற்றத்தில் வீசினான்.

எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. எது எங்கள் பெயர், எது ஜெபம், எது பாட்டு, ஒன்றும் தெரியாது. ஒரு துறவி அழுதுகொண்டே, "அது வேதத்துச் சங்கீதம், அதை விடுங்கள்" என்று கெஞ்சினார். "எங்கள் தாத்தாவும் இப்படித்தான் கெஞ்சினார்" என்று யாரோ சொல்லி அதையும் போட்டார்கள். தோல் எரிகிற நாற்றம் உங்களுக்குத் தெரியாது. மூன்று நாள் சாப்பாட்டில் அந்த நாற்றம் இருந்தது.

ஹாவிஸ் மட்டும் ஒரு சுருளைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, "இதில் நான் எது?" என்று கேட்டாள். தர்ஸ்டன் குனிந்து பார்த்தான். ஏதோ ஒரு கிறுக்கலைக் காட்டி, "இது நீ" என்றான்.

"இவ்வளவு சின்னதாகவா?"

"உன் வாயை எழுத இடம் போதவில்லை" என்றான்.

அவள் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, அவளே நெருப்பில் போட்டாள்.

மறுநாள் காலை ஆண்கள் லண்டனுக்குப் புறப்பட்டார்கள், ராஜாவைப் பார்த்துப் பேச. கடைசிப் படகில் தர்ஸ்டன். வழியனுப்ப ஹாவிஸும் அவளுடைய தோழி சபீனாவும் ஏறினார்கள். அக்கரை வரை வந்துவிட்டு என்னோடு திரும்புவதாகப் பேச்சு. சபீனா மடத்தில் பால் கறக்கிறவள். நாலு பேருக்கான குரல் ஒருத்திக்கே இருக்கும்.

இதே திட்டில்தான் தட்டியது. இதே இடம். கேளுங்கள், கொஞ்சம் பேசாமல் இருந்து கேளுங்கள். ஒன்றும் இல்லை அல்லவா? திட்டில் நின்றுவிட்டால் இப்படித்தான். தண்ணீர் இருந்தால்தானே சத்தம். கரையில் யாராவது இருமினால்கூடக் கேட்கும்.

தர்ஸ்டன் பேசிக்கொண்டே தன் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தான். கூரைக்காரன் கை சும்மா இருக்காது. பார்த்தால் அது மோதிரம். "நீட்டு" என்றான். அவள், "பாதிரியார் வேண்டாமா?" என்றாள். பாதிரியார் மணிக்கூண்டில் ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. "அவர் இறங்குவதற்குள் நமக்குப் பேரன் பிறந்துவிடுவான். இவன் இருக்கிறான், இவள் இருக்கிறாள். இரண்டு சாட்சி போதும்" என்றான்.

அது உண்மைதான். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் படித்தவர். ஆண் "ஏற்கிறேன்" என்று சொல்ல வேண்டும், பெண் "ஏற்கிறேன்" என்று சொல்ல வேண்டும், இரண்டு பேர் காதால் கேட்டிருக்க வேண்டும். கோயில் வேண்டாம், பாதிரியார் வேண்டாம். திருச்சபைக்குப் பிடிக்காது, ஆனால் செல்லும். "ஏற்பேன்" என்று சொன்னால் செல்லாது. அது வெறும் வாக்கு. பின்னால் செய்கிறேன் என்பது மாதிரி.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவள், "நானும் உன்னை ஏற்கிறேன்" என்றாள். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சபீனா மூக்கைச் சிந்தினாள். "ஓஸ்பெர்ட், நீயும் ஏதாவது சொல்லேன்டா" என்றான் தர்ஸ்டன். நீர் ஏறுகிறது என்றேன்.

ஏறத்தான் செய்தது. அக்கரையில் இறங்கியதும் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகிறவன் எல்லாம் "வருகிறேன்" என்றுதானே சொல்கிறான்? வராதவனும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறான். இருபது வருடமாக இந்தத் துறையில் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் பத்து நாளில் திரும்பினார்கள். ராஜா கொடுத்தார் என்று மெழுகு முத்திரை போட்ட கடிதம் ஒன்று வைத்திருந்தார்கள். இனி யாரும் கட்டுக்குடி இல்லை என்று அதில் எழுதியிருக்கிறதாம். படிக்கத் தெரியாதவர்கள் அதைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். ஜூலையில் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு குதிரைக்காரர்கள் வந்தார்கள், நீதிபதிகள் வந்தார்கள். கலகக்காரர்களை அக்கரையில் விட்டதும் நான்தான், அவர்களைத் தூக்கில் போட வந்தவர்களை இக்கரைக்குக் கொண்டுவந்ததும் நான்தான். படகில் ஏறுகிறவனை எதற்கு என்று கேட்க முடியுமா?

தர்ஸ்டன் வரவில்லை. ராஜாவின் ஆட்களோடு காட்டில் நடந்த சண்டையில் வெட்டுப்பட்டான் என்றார்கள் சிலர். தப்பித்துக் கப்பல் ஏறிவிட்டான் என்றார்கள் சிலர். பார்த்தேன் என்று சொன்னவன் ஒருவனும் இல்லை.

இனிமேல்தான் விஷயம். தர்ஸ்டன் குடியிருந்த வீடு மடத்து வீடு. புருஷன் போனால் மனைவி சாகும்வரை அதில் இருக்கலாம், அது ஊர் வழக்கம். ஆனால் வழக்கம் எழுதியிருந்த சுருளைத்தான் எரித்துவிட்டோமே. மடத்து நிர்வாகி சொன்னார், "எழுத்து இல்லை. எரித்தது நீங்கள். இனி ஒவ்வொருவரும் சாட்சியோடு வந்து வாயால் நிரூபியுங்கள்." ஹாவிஸ் அவன் மனைவி என்று நிரூபித்தால் வீடு. இல்லாவிட்டால் வெளியே. அவளுடைய அப்பாவும் அந்தக் கோடையில் இறந்துவிட்டார், அவர் வீடும் மடத்துக்கே போயிற்று. அவளுக்கு வேறு கூரை கிடையாது.

கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று சொல்லத் திருச்சபையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், சளி பிடித்திருந்தது. கோயிலுக்குள்ளே விசாரணை. முதலில் சபீனா. வேதப் புத்தகத்தில் கையை வைத்து, "'ஏற்கிறேன்' என்று சொன்னான், இந்தக் காதால் கேட்டேன், வேண்டுமானால் இந்தக் காதை அறுத்துப் பாருங்கள்" என்றாள். பிறகு நான்.

"அவன் சொன்ன சொல்லை அப்படியே சொல்" என்றார் அதிகாரி.

அப்படியே என்றால் என்ன ஐயா? மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆற்றில் எத்தனை சொல் காதில் விழுகிறது. நான் "ஏற்பேன்" என்றேன். "'உன்னை என் மனைவியாக ஏற்பேன்' என்று சொன்னான்."

"ஏற்பேனா, ஏற்கிறேனா?"

"ஏற்பேன்."

"நன்றாகக் கேட்டதா?"

"தண்ணீர் சத்தம் இருந்தது ஐயா. எனக்குக் கேட்டது அதுதான்."

"படகு சேற்றில் நின்றுகொண்டிருந்தது!" என்று சபீனா கத்தினாள். "பொய்யா! தண்ணீர் எங்கேடா இருந்தது?" அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு சாட்சி ஒன்றுபோலச் சொல்ல வேண்டும், ஒன்று போதாது. அதிகாரி எழுதிக்கொண்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், முடிந்தது. அவ்வளவு சின்ன விஷயம். சொல்லுக்கு நடுவில் ஒரு துண்டு. அது இருந்தால் மனைவி, இல்லாவிட்டால் யாரோ.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அவள் நன்மைக்காகத்தான் சொன்னேன். கேட்டதைத்தான் சொன்னேன், அது ஒன்று. நன்மைக்கும்தான். அப்போது ஊருக்கு ஊர் தூக்குமரம். கலகக்காரன் மனைவி என்று எழுதி வைத்தால் நாளைக்கு அவளுக்கு என்ன வரும், யார் கண்டது? அவளிடம் கேட்டிருக்கலாம் என்கிறீர்களா? கேட்க நேரம் இல்லை. நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவள் வாசலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வாய் வரவில்லை.

வெளியே வந்தபோது அவள் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "ஓஸ்பெர்ட், நீ அங்கேதானே இருந்தாய்?" என்றாள். அவ்வளவுதான். கேள்வியா என்று தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

இலையுதிர்காலம் முழுக்க ஹாவிஸ், சபீனா வேலை பார்த்த மாட்டுத்தொழுவத்தில் கிடந்தாள். நவம்பரில் உறைபனி விழுந்தது. நான் போனேன். சபீனா கையில் கிடைத்த வாளியை எறிந்தாள், நெற்றியில் பட்டது, இதோ தழும்பு. பரவாயில்லை, அவள் குணம் அது. ஹாவிஸ் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டில் கூரை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, யாருடைய பேச்சும் உன்மேல் படாமல் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?"

"ஆற்றைப் பார்த்து" என்றேன். "நேரே அக்கரைத் துறை தெரியும்."

"சரி" என்றாள்.

ஆற்றுக் காற்று அவளுக்குப் பிடிக்கும். எனக்கு அது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் முதலிலேயே அதைச் சொல்லியிருப்பேன்.

இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோயில் வாசல், பாதிரியார், ஊர் முழுக்க சாட்சி. நான் "ஏற்கிறேன்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். பின்னால் யாரும் காதைக் குறை சொல்லக்கூடாது அல்லவா? அவள் முறை வந்தது. "ஏற்பேன்" என்றாள்.

பாதிரியார், "ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும் அம்மா" என்றார்.

"ஏற்பேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதற்றம், கல்யாணப் பெண்ணுக்கு வருவதுதானே. மூன்றாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டாள். உதடு அசைந்தது, பார்த்தேன். பாதிரியாருக்கும் குளிர், சரி சரி என்று முடித்துவிட்டார்.

நல்லவள் ஐயா. இருபது வருடத்தில் ஒரு சண்டை இல்லை. சண்டை போட இரண்டு பேர் பேச வேண்டும். ரொட்டி சுடுகிறாள், வலை பின்னுகிறாள், நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறாள். விலாங்கு மட்டும் தொடமாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீடு குளிராகத்தான் இருக்கும், நீங்கள் கால் காய வைக்க வந்தால் மன்னிக்க வேண்டும். ஆற்றுப் பக்கக் கதவைச் சாத்த விடமாட்டாள். சாத்தினால் மணி கேட்காது என்கிறாள். என் காது நன்றாகத்தானே இருக்கிறது என்பேன். கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைப்பாள்.

சில சமயம் நினைக்கிறேன். உண்மையில் அவன் என்னதான் சொன்னான்? இத்தனை வருடம் ஆனபிறகு எனக்கே "ஏற்பேன்" என்றுதான் கேட்கிறது. ராத்திரி பகல் எப்போது நினைத்தாலும் அவன் குரலிலேயே கேட்கிறது. பொய் என்றால் அப்படிக் கேட்குமா? நீங்கள் எழுதுகிறவர், நீங்கள் சொல்லுங்கள். ஒருதடவை எழுதிவிட்டால் அதுதானே நடந்தது?

வேண்டாம், சொல்ல வேண்டாம். களைப்பாக இருக்கிறது. பிடித்துக்கொள்ளுங்கள், அசைகிறது. பார்த்தீர்களா, சத்தம் வந்துவிட்டது. இந்தச் சத்தத்தைத்தான் சொன்னேன்.

இன்னும் நாலு இழுப்பு. அந்தக் கம்பத்தைப் பிடியுங்கள். கல்லில் காலை வையுங்கள், பச்சையாக இருப்பதில் வேண்டாம், வழுக்கும். மடத்துக்கு இந்தப் பாதைதான், ஆல்டர் மரங்களைத் தாண்டி வலது பக்கம்.

அதோ, மணி. ஒரு மூச்சு விட விடமாட்டார்கள். இப்போதுதானே அங்கிருந்து வந்தேன்.

வந்துவிட்டாள் பாருங்கள். நான் சொன்னேனே. மாவுக் கையோடு வந்திருக்கிறாள். வெயிலே இல்லை, கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாள். யார் அது, நீளமாக, தோளில் மூட்டையோடு? எனக்கு இப்போது அவ்வளவு தூரம் தெரிவதில்லை. அவளுக்குத் தெரியும். இல்லை, பன்றிக்காரன்தான், அந்த நொண்டி நடை. "இரு, வருகிறேன்!" இவன் ஒருவன், மணியை அறுத்துவிடுவான் போல.

கையை உயர்த்திக் கூரை விளிம்பிலிருந்து ஒரு வைக்கோலை உருவி, விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போகிறாள். பையை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. அடிப்பக்கம் கொஞ்சம் நனைந்திருக்கிறது.